இயந்திர ஒலியும் இளைஞர் இசையும்

ஒக்ஸ்போட் என்ற பெயரைக் கேட்டதும் எம்மிற் பலர்க்கு நினைவில் எழுவன பழங் கல்லூரிகளின் கோபுரங்களும் கனத்த ஆங்கில அகராதியுமே. எமது தெருக்களிற் பல்லாண்டு ஓடித் தேய்ந்த மொறிஸ் மைனர் கார் அதே நகரத்தின் கௌலி என்னும் தொழிற்பகுதியிற் பிறந்தது என்பதை நினைப்போர் மிகச் சிலர். வில்லியம் மொறிஸ் என்பார் 1913இல் அங்கே கார் செய்யத் தொடங்கினார். பின்னர் அத் தொழிற்சாலைத் தொகுதி 20,000க்கு மேற்பட்ட தொழிலாளரை உடையதாய் வளர்ந்தது. வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர்களில் வேலையிழந்தோர் பலர் 1930களில் அங்கு வந்து குடியேறினர். றேமண்ட் வில்லியம்ஸ் 1964இல் வெளியிட்ட ‘இரண்டாந் தலைமுறை’ என்னும் நாவல், இத்தகைய நகரொன்றில் வாழும் வேல்ஸ் குடும்பத்தைப் பற்றியதேயாகும். அதில் தந்தை கார்த் தொழிற்சாலையின் தொழிற்சங்கவாதி. மகன் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவன். ஒரே வீட்டுக்குள் இரண்டு ஒக்ஸ்போட்டுகள்.

அந்நகரின் பிளவு கற்பனையன்று. நகரசபை வீடுகளில் வாழ்ந்த எளியோர் தம் வீட்டு வரிசைகளினூடாக நடந்து செல்லாதிருக்கும் பொருட்டு, 1934இல் வீடமைப்புக் கம்பனி ஒன்று தெருவுக்குக் குறுக்கே மதில்களை எழுப்பியது. உச்சியில் இரும்பு முட்கள் பொருத்தப்பட்ட அம்மதில்கள் 1959 வரை நின்றன. சாதி மதில்களைக் கண்டு வளர்ந்த எமக்கு இதனை விளங்கிக்கொள்ள உரை எதுவும் வேண்டியதில்லை.

இந்நகரத்திலே 1989இல் நான்கு இளைஞர் கூடி அமைத்த றொக் இசைக்குழு ஒன்றின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். குழுவின் பெயர் ஸ்வேர்வ்டிறைவர். அடம் பிராங்ளின், ஜிம்மி ஹார்ட்றிஜ் ஆகிய இருவரும் அதன் கிற்றார்க் கலைஞர். அமெரிக்காவிலிருந்து வந்த ‘கிறஞ்ச்’, இங்கிலாந்தில் எழுந்த ‘ஷூகேய்ஸ்’ என்னும் இருவகை இசையையும் ஒரே உலையில் உருக்கிய குழுக்களுள் இது முற்பட்டது. இன்று பல நாடுகளிலும் இளங்குழுக்கள் இவ்விரு பெயரையும் சேர்த்தே தம்மை அறிமுகஞ் செய்துகொள்கின்றன. அவற்றைக் கேட்கும் மாணவர் தொகை எமது வகுப்பறைகளிலும் சிறிதன்று. ‘வெறும் இரைச்சல்’ என்று ஒதுக்கும் ஆசிரியரும், எங்கிருந்து வந்தது என்று வினாவாமலே மயங்கும் மாணவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது எமது கருத்து. இரைச்சலுக்கும் பிறப்பிடம் உண்டு, வரலாறு உண்டு.

இக்குழுவின் முன்னோடியாய் இருந்தது ஷேக் அப்பீல் என்னும் குழு. அப்பெயர், அமெரிக்காவின் ஸ்ரூஜஸ் என்ற குழு 1973இல் வெளியிட்ட பாடலொன்றின் தலைப்பாகும். ஸ்ரூஜஸ் தோன்றிய மிச்சிகன் மாநிலமோ அமெரிக்கக் கார்த் தொழிலின் தாயகம். அக்குழுவின் பாடகர் இகி பொப், சிறுவனாய் இருந்தபோது போர்ட் தொழிற்சாலையைப் பார்க்கச் சென்றதையும், அங்கே இரும்புத் தகட்டை அழுத்தும் பேரியந்திரத்தின் ஓசை தம் மனத்திற் பதிந்ததையும் பிற்காலத்து நேர்காணல்களிற் கூறியுள்ளார். தாளத்தை இடியாக்கி, கிற்றாரின் ஒலியைக் கரகரப்பாக்கி அவர்கள் செய்த இசைக்கு அவ்வியந்திரமும் ஓர் ஆசான் எனலாம். கார் செய்யும் ஒரு நாட்டகத்தின் ஓசை, இருபது ஆண்டுக்குள் கார் செய்யும் வேறொரு நகரத்து இளைஞரிடம் வந்து சேர்ந்தது. தற்செயல் என்று இதனைத் தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

ஸ்ரூஜசின் வழித்தோன்றல்கள் சியாற்றில் நகரத்திலும் இருந்தனர். அங்கு எழுந்த இசையே கிறஞ்ச் எனப்பட்டது. அழுக்கு, ஊத்தை என்பது அச்சொல்லின் பொருள். சியாற்றில் அப்போது இன்றைய செல்வ நகரமாய் இருக்கவில்லை. போயிங் விமானக் கம்பனி 1960களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 100,000 பேருக்கு வேலை கொடுத்திருந்தது; 1971இல் அத்தொகை 40,000க்குங் கீழே சரிந்தது. அயலிலிருந்த மரத்தொழில் ஊர்களும் 1980களில் நலிந்தன. அவற்றுள் ஒன்றாகிய அபடீனிலே, கார் திருத்துவோர் ஒருவரின் மகனாய் வளர்ந்தவரே கேர்ட் கோபேன். எமது நாட்டார்க்கு நன்கு பழகிய பௌத்தச் சொல்லாகிய ‘நிர்வாணா’ என்பதைத் தம் குழுவுக்குப் பெயராகச் சூட்டிய அவர், 1989இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். அதன் ஒலிப்பதிவுச் செலவு 606 டொலர் 17 சதம். பணமின்மை அவ்விசையின் ஓசையிலேயே படிந்திருந்தது. மலிவான கிற்றார், சிறிய பதிவறை, திருத்தப்படாத பிசிறு ஆகியன யாவும் நாளடைவில் ஒரு பாணியாயின.

இங்கிலாந்தின் ஷூகேய்ஸ் வேறு வகையினது. ‘சப்பாத்தைப் பார்த்து நிற்போர்’ என்று பொருள்படும் இப்பெயர், 1990ஐ ஒட்டி இலண்டன் இசை வாரப் பத்திரிகைகள் சூட்டிய ஏளனப் பெயரே. மேடையில் நின்ற இளைஞர், கேட்போரை நிமிர்ந்து நோக்காது நிலத்தையே பார்த்தனர். ஆகவே அவர்கள் கூச்சமுற்றோர் அல்லது செருக்குற்றோர் என்பது பத்திரிகையாளரின் தீர்ப்பு. உண்மை யாது? அவர்களின் காலடியிலே கிற்றாரின் ஒலியை மாற்றும் மின்பெட்டிகள் வரிசையாகக் கிடந்தன. எதிரொலியைக் கூட்டுவது ஒன்று. கரகரப்பை ஏற்றுவது ஒன்று. ஒலியை அலைபோல் மிதக்க விடுவது ஒன்று. பாட்டின் நடுவே உரிய கணத்தில் உரிய பெட்டியைக் காலால் மிதிக்கவேண்டும். தறியில் அமர்ந்த நெசவாளன் மிதிபலகையைக் கவனிப்பது நாணத்தினாலா? செய்தொழிலை நடிப்பென்று மயங்கிய விமரிசகரின் பிழை, அப்பெயரோடு இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்பிரிவின் உச்சம் மை பிளடி வலன்ரைன் என்ற குழு 1991 நவம்பரில் வெளியிட்ட ‘லவ்லெஸ்’. கெவின் ஷீல்ட்ஸ், கிற்றாரில் தந்தியின் இழுவையைத் தளர்த்தும் கைப்பிடியைப் பற்றியபடியே தந்திகளை மீட்டினார். அதனாற் சுருதி ஓரிடத்தில் நில்லாது, கானல்போல் அசைந்தது. பாடுவோரின் குரல் மேலெழாமல் ஒலிப்பரப்பின் உள்ளேயே அமிழ்ந்து கிடந்தது. சொல்லை முன்னிறுத்தும் மரபில் வந்த எமக்கு இது முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். எனினும் சொல் அடங்கிய இடத்தில் ஓசை பேசுவது எமது பறைக்கும் தவிலுக்கும் புதிதன்றே.

கிறஞ்ச் முகத்திலறையும் இசை. ஷூகேய்ஸ் சூழ்ந்து மூடும் இசை. முன்னது கோபத்தை ஒளிக்காது கத்துகிறது. பின்னது கோபத்தைத் தானும் மங்கலான ஒளியாக்கிவிடுகிறது. ஸ்வேர்வ்டிறைவர் இவ்விரண்டையும் இணைத்தமை, உப்பையும் சீனியையும் ஒரு கோப்பையிற் கொட்டியதுபோல அன்று. அவர்களுடைய இசையில் அடியில் ஓடும் தாளம் பாரவண்டியின் எஞ்சின்போல உறுமுகிறது. மேலே இரு கிற்றார்களும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து, வேகமாய்ச் செல்லும் வண்டியின் கண்ணாடிக்கு வெளியே தெரியும் நிலம்போல உருத்தெளிவின்றி ஓடுகின்றன. 1993இல் வந்த அவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டாகிய ‘மெஸ்கால் ஹெட்’ இதனைச் செம்மையாகக் காட்டும். அதன் பதிவில் உடனின்ற அலன் மோல்டர், ‘லவ்லெஸ்’ பதிவிலும் பணியாற்றியவர். அதே 1993இல் அமெரிக்காவின் ஸ்மாஷிங் பம்கின்ஸ் குழுவின் ‘சயமீஸ் டிறீம்’ தட்டுக்கும் ஒலிக்கலவை செய்தவர். பதிவறைத் தொழிலாளரின் பெயர் வரலாற்றில் அருகியே இடம்பெறுகிறது. இரு கரைகளின் ஓசையையும் இணைத்த பாலத்தில் அவருடைய கையும் இருந்தது.

இக்குழுவின் பாடல்கள் காரைப் பற்றியன, நெடுஞ்சாலையைப் பற்றியன. 1990இல் வந்த அவர்களின் முதற் பாடலின் தலைப்பிலேயே போர்ட் மஸ்ராங் என்ற அமெரிக்கக் கார் வருகிறது. அவ்வேளை கௌலியில் நிகழ்ந்தது யாது? 1975இல் அரசுடைமையாக்கப்பட்ட அக்கார்த் தொழிலை, 1988இல் தச்சர் அம்மையாரின் அரசு 150 மில்லியன் பவுணுக்கு பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் என்னும் தனியார் கம்பனிக்கு விற்றது. 1990களின் முற்பகுதியில் வட, தென் தொழிற்கூடங்கள் மூடி இடிக்கப்பட்டன. தந்தையும் பேரனும் உழைத்த கூடங்கள் செங்கற் குவியலாயின. அதே நகரத்து இளைஞர், தம் ஊரில் கார் மறையும் நாளில், கடல் கடந்த காரைக் கனவு கண்டனர்.

அவர்கள் கௌலியில் வேலைசெய்தவர் என்றோ, வேலையிழந்தோரின் துயரைப் பாட முனைந்தனர் என்றோ நாம் கூறவில்லை. தொழிற்சாலை மூடப்பட்டது, ஆகவே பாட்டு இரைந்தது என்று கணக்குப்போடும் விமரிசனம், விமரிசனமே அன்று. ஆயினும் ஒரு நகரம் எதனைச் செய்து வாழ்ந்ததோ அது, அந்நகரத்தாரின் கற்பனைக்குள் சொல்லாமலே புகுந்துவிடுகிறது. அக்கற்பனை மொறிசை விட்டு மஸ்ராங்கைத் தேடியது எமக்குக் குறையாகவே படுகிறது. அமெரிக்கச் சினிமா தந்த வெறிச்சோடிய நெடுஞ்சாலைக்கு முன்னால், தம் வீட்டுக்கு அருகே இருந்த தொழிற்சாலை வாயில் அவர்களுக்குக் கவிதைப் பொருளாகத் தோன்றவில்லை. எமது கவிஞருள் எத்தனை பேருக்குத் தம் ஊர்ச் சீமெந்து ஆலை கவிதைப் பொருளாகத் தோன்றியது என்று எண்ணிப் பார்ப்பின், இக்குற்றத்தை மிகைப்படுத்த மாட்டோம்.

இனி வியாபாரம். நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ 1991 செப்டெம்பர் 24இல் வெளிவந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கல் ஜாக்சனையே முதலிடத்திலிருந்து இறக்கியது. அதன்பின் வறுமையின் உடைக்கும் சந்தை கிடைத்தது. குளிருக்கு மலிவாய் அணியப்பட்ட மரவெட்டியின் கட்டச் சட்டை, 1992 நவம்பரில் நியூ யோர்க் நாகரிகக் காட்சியிற் பட்டிலே நெய்யப்பட்டு வந்தது! அதே மாதம் ‘நியூ யோர்க் ரைம்ஸ்’ பத்திரிகை, சியாற்றில் இளைஞரின் ‘தனிமொழி’ என்று ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. சப் பொப் என்னும் சிறு கம்பனியில் முன்னர் வரவேற்பாளராய் இருந்த பெண்ணொருத்தி, தொலைபேசியிற் கேட்டவருக்கு அவ்விடத்திலேயே புனைந்து கூறிய சொற்களே அவை யாவும். எந்த இளைஞனும் அவற்றைப் பேசியதில்லை. பெரும் பத்திரிகையின் பெருமிதத்தை ஒரு தொழிலாளப் பெண் ஐந்து நிமிடத்தில் அம்மணமாக்கிய இந்நிகழ்ச்சியை நினைக்குந்தோறும் எமக்கு நகை தாங்க முடிவதில்லை.

ஸ்வேர்வ்டிறைவருக்கு இச்சந்தையில் வைக்கத் தட்டு இல்லை. 1992இல் சியாற்றிலின் சவுண்ட்கார்டன் குழுவோடு அமெரிக்க மேடைகளில் அவர்கள் வாசித்தனர். இரு குழுக்களின் தட்டையும் அங்கு விற்றது ஏ அன்ட் எம் என்ற ஒரே கம்பனியே. எனினும் அமெரிக்கருக்கு அவர்கள் ஆங்கிலேயர். இலண்டன் பத்திரிகைகளுக்கோ அமெரிக்க இசை வாசிப்போர். இங்கிலாந்தில் அவர்களை வெளியிட்டது கிறியேஷன் என்னும் கம்பனி. முன்னர் ரயில்வே ஊழியராய் இருந்த அலன் மக்கீ 1983இல் நண்பரோடு தொடங்கிய அக்கம்பனியிற் பாதியளவு பங்கு 1992இல் சோனிக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஒயேசிஸ் குழு அங்கே ஒப்பந்தமாயிற்று. பணம் எத்திசையில் ஓடும் என்பது தெளிவாயிற்று. 1995இல் மூன்றாவது தட்டு வெளிவந்த கையோடு ஸ்வேர்வ்டிறைவர் கைவிடப்பட்டனர். அதே ஆண்டில் றெடிங் நகரத்து ஸ்லோடைவ் குழுவுக்கும் அக்கம்பனியிடமிருந்து இக்கதியே நேர்ந்தது. பின்னர் கெஃபன் என்னும் அமெரிக்கக் கம்பனி ஸ்வேர்வ்டிறைவரை ஏற்றது. அடுத்த தட்டு வெளிவருமுன்னரே கழற்றிவிட்டது. 1998இல் சிறு கம்பனி ஒன்று அத்தட்டை வெளியிட்டது. அதன்பின் குழு கலைந்தது.

பத்தாண்டு கழித்து, 2008இல், அவர்கள் மீண்டும் கூடினர். 2015இலும் 2019இலும் புதிய தட்டுகள் வந்தன. பின்னையதன் பெயர் ‘எதிர்கால இடிபாடுகள்’. கௌலியில் தென் தொழிற்கூடம் நின்ற நிலத்திலே இப்போது அலுவலகக் கட்டடங்களும் கார் நிறுத்துமிடங்களும் உள்ளன. எஞ்சிய பகுதியில், ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ கம்பனி 2001 முதல் மினி கார்களைச் செய்வித்து வருகிறது. உருக்கொட்டும் பணியைப் பெரும்பாலும் இயந்திரக் கைகளே அங்கு செய்கின்றன.