பிளாஸ்க் வந்த வழி

மலையேறுகிறவர்களும் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களும் கொண்டுபோகும் பிளாஸ்க்கைத்தான் நாம் ரயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போகிறோம். அது நம் கைக்கு வந்த கதை சுவையானது.

1892-ல் லண்டனில் ஜேம்ஸ் டியூவர் என்ற விஞ்ஞானி, கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களை வைத்துக்கொள்ள இதைச் செய்தார். இரண்டு கண்ணாடிச் சுவர்கள், நடுவே வெற்றிடம். வெப்பத்தைக் கடத்த அங்கே காற்றில்லை. வெள்ளிப் பூச்சு, கதிராக வரும் வெப்பத்தையும் திருப்பி அனுப்பிவிடும். குளிரைக் காப்பது சூட்டையும் காக்கும் அல்லவா! அதை வீட்டுப் பொருளாக்கியவர் ஜெர்மனியின் ரைன்ஹோல்ட் பர்கர். 1904-ல் 'தெர்மோஸ்' என்று பெயர் சூட்டி விற்பனை தொடங்கியது. டியூவர் காப்புரிமை வாங்காததால் லாபம் அவருக்குப் போகவில்லை. 1907-ல் தென்துருவத்தை நோக்கிப் புறப்பட்ட ஷாக்கிள்டன் குழுவோடு பிளாஸ்க்கும் போயிற்று.

பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அது இன்றும் 'தெர்மோஸ்'தான். பிரெஞ்சுக்காரர்கள் அதை ஆண்பாலாகவும் சொல்வார்கள், பெண்பாலாகவும் சொல்வார்கள்.

என் மனைவிக்குச் சர்க்கரை வந்தபின், மாலையில் புதுச்சேரி கடற்கரைக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். "நீங்க கடையில டீ குடிப்பீங்க, நான் வேடிக்கை பார்க்கணுமா?" என்பாள். ஆறேழு மாதம் தனியாகத்தான் போனேன். பிறகு ஒரு பிளாஸ்க் வாங்கினேன். இப்போது சர்க்கரை போடாத காபியோடு காந்தி சிலைப் பக்கம் உட்காருகிறோம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான். நாலு மணிக்கே அவள் பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள்.