ஊவா மலையில் நத்தார்

வடகீழ்ப் பருவமழை ஊவா மலைகளை நனைக்கும் மார்கழித் திங்களிலே நத்தார்ப் பெருநாள் வருகின்றது. பிறப்புநாளைக் குறித்த போர்த்துக்கீசச் சொல்லே ஈழத்தமிழில் நத்தார் என வழங்கலாயிற்று. நன்றி கூறுதலும் சமாதானம் வேண்டுதலும் இப்பெருநாளின் இரு கூறுகளாம். அச்சமாதானம் இம்மலைத் தமிழருக்கு யாதாய்ப் பொருள்பட்டது என்பதைச் சரித்திரக்கண் கொண்டு சிறிது நோக்குவோம்.

பதுளை நகரின் புனித மாற்கு ஆலயம் 1857இல் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரொஜர்ஸ் 1845 ஜூன் 7இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். அவர் நினைவாக எழுந்ததே அவ்வாலயம். அக்காலத்திலேதான், கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர் காட்டுவழியிலே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மடிந்தனர். அவர்தம் பெயரைக் கல்லிற் பொறிப்பார் இலர்.

எனினும் அவ்வேழைகளைத் தேடிச் சென்றாரும் உளர். தோட்டத் துரைமார் சிலரின் உதவியோடு 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிற்று. திருநெல்வேலிச் சீமையினின்றும் வந்த உபதேசிமார் மலைநாட்டுத் தோட்டங்கள்தோறும் சென்று, நற்செய்தியைத் தாய்மொழியிலேயே கூறினர். நத்தார் லயங்களுக்குத் தமிழ் பேசிக்கொண்டு வந்தது.

நத்தார்க் கதையைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். அகுஸ்துராயன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிடுகின்றான். பெயர் பதியும்பொருட்டு நிறைசூலி ஒருத்தி நெடுவழி செல்கின்றாள். சத்திரத்தில் இடமில்லை. தொழுவத்திற் பிறந்த பிள்ளையைக் காக்கப் பெற்றோர் எகிப்துக்கு ஓடுகின்றனர்.

இக்கதைக்குத் தோட்டத் தமிழரிடையே உரைகாரர் வேண்டா. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. உறவினர் இரு நாட்டவராய்ப் பிரிந்தனர். ஒருவரை ஒருவர் தழுவி அழுது தலைமன்னாருக்கு வழிகொண்டனர். எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை வழங்கிற்று. இடையில், 1983 ஜூலையில், பதுளை நகரிலே தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன.

சமாதானத்தை நாடுவோர் நன்றியை மறத்தல் ஆகாது. 1972இல் பதுளை தனி மறைமாவட்டமாயிற்று. அப்போது கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார, பெருமைவாய்ந்த அப்பதவியை விட்டு, வறிய ஊவாவைத் தாமே விரும்பி ஏற்றார். சிங்களவராகிய அவர் தோட்டத் தமிழர் துயரையும் தம் துயராகக் கொண்டார். இத்தகையோர் நம்மிடை வாழ்ந்தனர் என்பதே நன்றிக்குரிய செய்தியன்றோ?

ஆனால், உரிமை வந்தபின்னும் இடம் வந்துவிட்டதா? 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. சொந்த நிலமும் உறுதியான வீடும் இல்லாதார் ஆபத்தான சரிவிலே வாழ்ந்ததன் விளைவு அது. வானதூதர் பாடிய சமாதானம் போர் ஓய்வதோடு நிறைவுறுவதன்று. இடமில்லை என்ற சொல்லைக் கேட்டவருக்கு இடம் உண்டு என்று சொல்லும் நாளே அது நிறைவுறும் நாள்.

ஆகவே நேயர்களே, இந்த நத்தாரில் விளக்கேற்றுவோர் எச்சமயத்தாராயினும், பெற்றவற்றிற்கு நன்றி கூறுவோம்; பெறாதாருக்கு நம் கதவைத் திறந்து வைப்போம்.