பொக்லைன் வந்த பாதை

கோட்டக்குப்பம் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஜல்லி லாரிக்குப் பஞ்சமில்லை. வானூர் வட்டத்தின் உட்பகுதியில், திருவக்கரைப் பக்கம், கருங்கல் குவாரிகள் இருக்கின்றன. அங்கே பாறையை அள்ளிப் போடுவது பொக்லைன். சுமந்துவந்து கொட்டுவது டிப்பர். வழியில் டயர் பஞ்சரானால் லாரியைத் தூக்கி நிறுத்துவது பாட்டில் ஜாக்கி. மூன்றின் உயிரும் ஒரு குழாய்க்குள் அடைபட்ட எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெயின் கதை பிரான்சில் தொடங்குகிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை ஒட்டிய ஊரிலிருந்து அதைச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் இறந்த மறு ஆண்டு, 1663இல், திரவங்களைப் பற்றிய அவருடைய நூல் அச்சேறியது. மூடிய பாத்திரத்தில் நீரை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசையிலும் பரவும். ஒரு துளையைவிட இன்னொரு துளை நூறு மடங்கு பெரியதாக இருந்தால், சிறிய துளையில் அழுத்தும் ஒருவர் பெரிய துளையில் நூறு பேருக்கு ஈடு கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்காதவர் இல்லை. ஆனால் பாஸ்கல் உடனேயே எழுதிய அடுத்த செய்தியைப் பலரும் மறந்துவிடுகிறோம்: பெரிய பக்கம் ஓர் அங்குலம் உயர, சிறிய பக்கம் நூறு அங்குலம் இறங்க வேண்டும். விசை பெருகும், உழைப்பு பெருகாது. எரிபொருளை மிச்சம் பிடிக்கப் பின்னால் நடந்த முயற்சிகள் எல்லாம் இந்தக் கணக்கோடு நடத்திய வழக்குதான்.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாஸ்கலின் விதி ஏட்டிலேயே கிடந்தது. காரணம் ஒழுக்கு. உருளைக்கும் தண்டுக்கும் இடையில் இறுக்கமாக அடைத்தால் தண்டு நகராது. தளர்த்தினால் நீர் பீறிடும். பூட்டுக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் பேர்போன ஜோசப் பிரமா என்ற இங்கிலாந்துக்காரர் 1795இல் நீர் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். அதை உருப்படியாக்கியது அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே. கிண்ணம் போல் வளைத்த தோல் பட்டை ஒன்றை அவர் வைத்தார். உள்ளே அழுத்தம் ஏற ஏற, பட்டையின் உதடு தானே விரிந்து தண்டைக் கவ்விக்கொண்டது. அழுத்தத்தையே காவலாளி ஆக்கிய அந்த யோசனைக்கு இன்றும் மாற்று வரவில்லை. மெக்கானிக் ‘சீல் கிட்’ மாற்றும்போது கையில் எடுக்கும் வளையம் அதன் வாரிசு. தோல் போய் ரப்பர் வந்தது, அவ்வளவே. பிரமா தம் பொறியை ஹோல்ட் காட்டில் மரங்களை வேரோடு பிடுங்கப் பயன்படுத்தினார். அந்த வேலையை மேற்பார்வை பார்த்தபோது பிடித்த குளிர் முற்றி 1814இல் இறந்துபோனார்.

பிறகு பாலம் கட்டுவோர் அவர் பொறியைப் பிடித்துக்கொண்டனர். வேல்ஸ் நாட்டின் பிரிட்டானியா பாலத்துக்காக 1849இல் ஆயிரம் டன்னைத் தாண்டிய இரும்புக் குழாய்களைத் தூக்கியபோது ஓர் அழுத்தப் பொறி வெடித்தது. குழாய் ஒவ்வோர் அங்குலம் ஏறும்போதும் அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும் என்று பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் முன்பே கட்டளையிட்டிருந்ததால் பாலம் பிழைத்தது. நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் 1851இல் கையால் தூக்கிச் செல்லும் ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். லாரி சீட்டுக்கு அடியில் கிடக்கும் பாட்டில் ஜாக்கி அதன் வழிவந்தது.

இந்தக் கதையில் நான் அதிகம் மதிக்கும் மனிதர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். தொழில் வழக்கறிஞர், ஆசையோ இயந்திரத்தில். நியூகாசில் துறையில் 1846இல் ஊர்க் குடிநீர்க் குழாயின் அழுத்தத்தைக் கொண்டே ஒரு கிரேனை இயக்கிக் காட்டினார். துறைமுகங்கள் அவரைத் தேடி வந்தன. ஊர்க் குழாய் அழுத்தம் போதாத இடத்தில், உயரமான கோபுரத்தில் தொட்டி கட்டி நீரை ஏற்றிவைப்பது வழக்கம். ஹம்பர் ஆற்றங்கரையில் நியூ ஹாலந்து என்ற இடத்தில் அதற்கும் வழியில்லை. அடியில் மணல், கோபுரத்தைத் தாங்காது. கோபுரத்துக்குப் பதிலாக ஒரு நெட்டு உருளையில் நீரை அடைத்து, அதன் தண்டின் மேல் பெரும் பாரத்தை ஏற்றிவைத்தார் ஆம்ஸ்ட்ராங். சிறிய நீராவி இயந்திரம் நாள் முழுக்க மெல்ல நீரை உள்ளே தள்ளும். பாரம் மெல்ல ஏறும். கிரேனுக்குத் தேவைப்படும் நொடியில் பாரம் இறங்கி மொத்த வலுவையும் கொடுத்துவிடும். சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு அழுத்தம் கிடைத்தது. எந்தக் கோபுரமும் அவ்வளவு கொடுக்காது. மணல் மறுத்ததால் பிறந்த இந்தச் சேமிப்புக் கலத்தால், கிரேன் ஒவ்வொன்றுக்கும் பெரிய இயந்திரம் வைத்து நிலக்கரியைக் கொட்டத் தேவையில்லாமல் போயிற்று. 1894இல் திறந்த லண்டன் டவர் பாலமும் இந்த முறையில்தான் கை தூக்கியது. லண்டன் தெருக்களுக்கு அடியில் அழுத்த நீரைக் குழாயில் விற்ற நிறுவனம் ஒன்று 1883 முதல் 1977 வரை நடந்தது. ஓட்டல் லிஃப்டும் நாடகத் திரையும் அந்த நீரில் ஓடின.

நீர் உறையும், துருப்பிடிக்க வைக்கும். 1906இல் அமெரிக்கப் போர்க்கப்பல் வர்ஜீனியாவின் பீரங்கிகளை அசைக்க நீருக்குப் பதில் எண்ணெய் வந்தது. அதன்பின் இந்தப் பொறி துறைமுகத்தை விட்டுச் சக்கரம் ஏறியது.

சக்கரம் ஏறிய பிறகு, பிறரைப் பார்த்துச் செய்தவர்களின் காலம். இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945இல் வாடகைக் கொட்டகையில் போர்க்காலக் கழிவு இரும்பால் ஒரு டிரெய்லர் செய்து 45 பவுண்டுக்கு விற்றார். சில ஆண்டுகளில் நார்வேயில் டிராக்டரின் பின்னால் மாட்டிய ஹைட்ராலிக் தோண்டும் கையைப் பார்த்தார். 1953இல் அவருடைய சொந்த வடிவம் வெளிவந்தது. அவர் பெயரின் மூன்று எழுத்துகள்தாம் ஜேசிபி. 1979இல் அது ஹரியானாவின் பல்லப்கருக்கு வந்தது. இத்தாலியின் புரூனேரி சகோதரர்கள் 1940களின் இறுதியில் உருவாக்கிய தோண்டும் இயந்திரத்தின் உரிமை பிரான்சின் சிக்காம் நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து 1961இல் மித்சுபிஷி வழியாக ஜப்பான் சேர்ந்தது. அதன் விற்பனைப் பெயர் யும்போ. இன்றும் ஜப்பானியருக்கு அந்த வகை இயந்திரம் எல்லாமே ‘யும்போ’தான். அதே பிரான்சில் ஜார்ஜ் பத்தாய் 1927இல் தொடங்கிய உழவுக் கருவிப் பட்டறை, 1951இல் ஹைட்ராலிக் தோண்டியைச் செய்தது. அதன் பெயர் பொக்லைன். எல் அண்ட் டி நிறுவனம் உரிமம் வாங்கி அதை இந்தியாவில் தயாரித்தது. ஏரி தூர்வாரினாலும் ஆக்கிரமிப்பை இடித்தாலும் நம் செய்தித்தாள்கள் எந்தக் கம்பெனி இயந்திரத்தையும் ‘பொக்லைன்’ என்றே எழுதுகின்றன. புதுச்சேரியை ஆண்டவர்கள் கப்பலேறிப் போன பிறகும் பிரெஞ்சுப் பெயர் ஒன்று இப்படித் தமிழில் குடியேறியது.

இந்த இயந்திரங்களால் மனித உழைப்பு குறைந்தது உண்மை. ஆனால் டீசல் மலிவாக இருந்த பல பத்தாண்டுகளில் ஆம்ஸ்ட்ராங்கின் சிக்கனம் மறந்துபோனது. பழைய இயந்திரங்களில் பம்ப் எப்போதும் முழு அளவு எண்ணெயைத் தள்ளும். வேண்டாதது வால்வு வழியே தொட்டிக்குத் திரும்பும், சூடாக. பல டன் எடையுள்ள கையை டீசல் எரித்துத் தூக்குகிறோம். இறக்கும்போது அந்தக் கை தன் எடையால் தானே இறங்குகிறது. தூக்கியபோது போட்ட உழைப்பு முழுவதும் வால்வின் இடுக்கில் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற ஒரு கூலர், கூலருக்கு ஒரு விசிறி, விசிறிக்கு இன்னும் கொஞ்சம் டீசல். நாள் முழுக்க அள்ளும் குவாரியில் இது சின்ன விரயம் இல்லை.

1973இல் கச்சா எண்ணெய் விலை ஏறியதும் பொறியாளர்கள் விழித்தார்கள். சுமை கேட்கும் அளவுக்கு மட்டும் எண்ணெய் தள்ளும் பம்புகள் பரவின. 2008இல் கொமாட்சு, வண்டியின் மேல்பகுதி சுழன்று நிற்கும்போது வீணாகும் வலுவை மின்சாரமாகச் சேமிக்கும் தோண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2012இல் காட்டர்பில்லர் வேறு வழி போனது: அதே சுழற்சி வலுவை எண்ணெய் அழுத்தமாகவே கலத்தில் அடைத்து, அடுத்த சுழற்சிக்குத் திருப்பிக் கொடுத்தது. பாரத்துக்குப் பதில் அடைபட்ட வாயு. மற்றபடி ஹம்பர் கரையில் ஆம்ஸ்ட்ராங் கண்ட கலம்தான். மின்சாரச் சேமிப்பைவிட எளிய அந்த வழிதான் நம் குவாரித் தூசிக்கும் வெயிலுக்கும் பொருந்தும் என்பது என் கணிப்பு.

இந்த இரு நிறுவனங்களுக்கும் சென்னையைச் சுற்றியே ஆலைகள் உண்டு: கொமாட்சுவுக்கு ஒரகடத்தில், காட்டர்பில்லருக்குத் திருவள்ளூரில். இரண்டிலிருந்தும் வானூர் வட்டத்துக்குச் சில மணி நேரப் பயணம்தான். ஆனால் சேமிப்புக் கலம் கொண்ட வண்டிக்கு விலை கூடுதல். குவாரிக்காரருக்குத் தவணைக் கவலை. டீசல் செலவில் மிச்சமாகும் தொகையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வங்கிகள் கடன் கொடுத்தால், திருவக்கரைப் பாறையை அள்ளும் அடுத்த தலைமுறை பொக்லைன் அந்தக் கலத்தோடு வரும்.