திருநாவுக்கரசர் தலயாத்திரையின் பகுதிகள்

சைவ சமயாசாரியர் நால்வருள் திருநாவுக்கரசு சுவாமிகள் கால்நடையாகவே தலங்கடோறுஞ் சென்று, கையில் உழவாரம் ஏந்தித் தொண்டு புரிந்தவர். அவர்தம் யாத்திரை இடையறாது நிகழ்ந்த ஒரே செலவு என்று கருதுவார் பலர். வரலாற்றை நோக்குமிடத்து அஃது அவ்வாறன்று. பல்லாண்டுகளில், பல பகுதிகளாக, இடையிடையே நெடுநாள் தங்கித் தங்கி நிறைவெய்தியது அந்த யாத்திரை.

பதிகங்களின் வைப்புமுறைகொண்டு இதனை அறிதல் இயலாது. 4, 5, 6-ஆந் திருமுறைகளில் உள்ள 312 பதிகங்களும் பண்ணும் யாப்பும் பற்றி வகுக்கப்பட்டன. நடந்த முறைபற்றி வகுக்கப்பட்டன அல்ல. வழிமுறை தெரிதற்குப் பெரியபுராணமே துணையாவது. இரண்டாங் குலோத்துங்கன் (1133-1150) காலத்தவராகிய சேக்கிழார் பெருமான், தலத்தோடு தலத்தை இயைத்துச் செலவு முறையை விளங்கவுரைக்கின்றார்.

முதற்பகுதி திருவதிகையினின்று தொடங்குவது. சுவாமிகள் வெண்ணெய்நல்லூர், ஆமாத்தூர், கோவலூர் முதலிய பதிகளை வணங்கி, பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்தில் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்று, தில்லை தொழுது, சீகாழியிற் பிள்ளையாரைக் கண்டு, 'அப்பர்' என்னுந் திருப்பெயர் எய்தினார்.

இரண்டாம் பகுதி சோழநாட்டுச் செலவு. நல்லூரில் திருவடி சூட்டப்பெற்றதும், திங்களூரில் அப்பூதியடிகள் அன்பிற்கு உரியரானதும், ஆரூரில் திருவாதிரைத் திருவிழாக் கண்டதும் இப்பகுதியில் நிகழ்ந்தன. பின்னர்த் திருப்புகலூரை அடைந்து, முருகநாயனார் திருமடத்திற் பிள்ளையாரோடும், சிறுத்தொண்டர், திருநீலநக்கர் என்னும் அடியாரோடும் கூடி இருந்தார்.

இப்புகலூர்க் கூட்டம் காலவாராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவது. சிறுத்தொண்டர் முன்னர்ப் பல்லவன் படைத்தலைவராய் வாதாபியை அழித்தவர் என்பர் சேக்கிழார். முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியை வென்றது கி.பி. 642 என்பது வரலாற்றறிஞர் துணிபு. ஆகவே புகலூர்க் கூட்டம் அதற்குப் பிற்பட்டதாதல் வேண்டும். சுவாமிகளைத் துன்புறுத்திப் பின் சைவஞ் சார்ந்த பல்லவனோ, ஏறத்தாழ 630-இல் ஆட்சி முடிந்த முதலாம் மகேந்திரவர்மன் எனப் பலர் கொள்வர். அக்கொள்கை பொருந்துமாயின், அதிகையினின்று புறப்பட்டதற்கும் புகலூரிற் கூடியதற்கும் இடையே 12 ஆண்டுக்குக் குறையாத காலம் சென்றிருத்தல் வேண்டும். அதிகைக்கும் புகலூர்க்கும் இடைப்பட்ட வழி அத்துணை ஆண்டு நடத்தற்கு உரியதன்று. தங்கிய நாட்களே மிகுதி என்பது தெளிவாம்.

தங்கியவிடங்களில் அவர் வாளாவிருந்தாரல்லர். வீழிமிழலையிற் பஞ்சம் வந்தபோது, இருபெருமக்களும் நாடோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தனர். கைத்தொண்டு புரிந்தமையால் அரசர் பெற்ற காசு வாசியின்றி மாறிற்று என்பது புராணம். மறைக்காட்டில் அடைத்த கதவந் திறந்ததும், பழையாறை வடதளியில் இறைவனைக் காணுமளவும் உண்ணாதிருந்ததும் இடைநின்ற நாட்களின் செயல்களே. வழியினும் தங்கலே தொண்டுக்கு இடமாயிற்று.

மூன்றாம் பகுதி வடதிசைச் செலவு. பைஞ்ஞீலி, அண்ணாமலை, காஞ்சி, காளத்தி, சீபருப்பதம் இவற்றைக் கடந்து, பல நாடுகளூடு சென்று வாரணாசியை அடைந்தார். அங்கே உடன்வந்தாரை விட்டுத் தனியே கயிலையை நோக்கினார். இரவும் பகலும் நடந்து தாள் தேய்ந்தன, கையால் தாவிச் செல்லக் கையுந் தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார், பின் புரண்டார். முதியவராய் எதிர்ப்பட்ட இறைவன் 'மீள்க' என, 'கண்டன்றி மீளேன்' என்றார். ஆங்கிருந்த தடத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுமாறு பணித்தனன் பெருமான்.

யாத்திரை முழுமையும் ஆராய்வார்க்கு ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. தங்காது, துணையின்றி, முடிவொன்றே கருதி நடந்த செலவு இஃதொன்றே. இறைவன் தடுத்தருளியதும் இதனையே. மீட்டு நிறுத்திய இடமோ முன்னரே அவர் பணிந்த பழனத்துக்கு அணித்தாகிய ஐயாறு. களிறும் பிடியும் வருவன கண்டு, அவற்றிலே அம்மையப்பரைக் கண்டார். எனவே அவர் வேண்டிய காட்சி, நடந்து பழகிய காவிரிக்கரையிலேயே கிடைத்தது.

அதன்பின்னும் யாத்திரை முற்றுப்பெறவில்லை. பூந்துருத்தியில் திருமடங் கண்டு தங்கினார். ஆண்டு வந்த பிள்ளையாரின் சிவிகையைத் தாமும் தாங்கினார். பாண்டிநாடு சென்று மீண்டு, புகலூரிலே உழவாரத் தொண்டில் நின்று, சித்திரைச் சதயத்தில் சிவானந்த வடிவெய்தினார்.

குடும்பமும் தொழிலும் இடைநிறுத்த, ஓராண்டு சில தலமும் மற்றோராண்டு சில தலமுமாக வணங்குவார், தம் யாத்திரை குறைவுடையதோ எனத் தளர்தல் வேண்டா. விட்ட இடத்தினின்று மீளத் தொடர்வதே நாவரசர் சென்ற நெறி. இடைநாட்கள் தொண்டின்றிக் கழியுமாயினே அது குறைவுடையதாம் என்க.

திருச்சிற்றம்பலம்.