நாற்பத்திரண்டு ஆண்டுகள் தாமதித்த சாட்சி



நடந்ததை மறந்துவிடுங்கள் என்று துயருற்றோரிடம் சொல்வது எளிது. ஊழியனாகிய நானும் பலமுறை அவ்வாறு சொல்லியிருக்கிறேன். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் போர் நினைவுக்குறிப்பு என்னை அதற்காக வெட்கப்படச் செய்தது.

அச்செபே ஓர் உபதேசியாரின் மகன். 1966-இல் இக்போ மக்கள் படுகொலை செய்யப்பட்டபோது, லாகோஸில் வானொலிப் பணியை விட்டுக் கிழக்கே தப்பினார். 1967 மே 30-இல் கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்னும் தனிநாடாகத் தன்னை அறிவித்தது; ஜூலையில் போர் மூண்டது. எனுகு நகரில் அவரது இல்லம் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. நண்பரும் கவிஞருமான கிறிஸ்டோபர் ஒகிக்போ அதே ஆண்டு போர்முனையில் மாண்டார்.

மத்திய அரசின் முற்றுகையால் உணவு வரத்து தடைப்பட்டது. மடிந்தோர் 10 லட்சத்துக்கும் அதிகம் என மதிப்பிடுவர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது பசியே. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் திருச்சபைகள் இணைந்து சாவோ தோமே தீவிலிருந்து இரவு விமானங்களில் உணவு அனுப்பின. நெடுஞ்சாலையையே ஓடுதளமாக்கிய ஊலியில், விமானம் இறங்கும் சற்று நேரம் மட்டுமே விளக்கெரியும். அந்த இருளில் விமானிகள் சிலரும் உயிரிழந்தனர்.

1970 ஜனவரி 15-இல் போர் முடிந்தது. வென்றவரும் தோற்றவரும் இல்லை என்று அரசு உடனே அறிவித்துவிட்டது. ஆயினும் எழுத்தாளரின் உள்ளம் அவ்வளவு விரைவில் ஆறவில்லை. அவர் கவிதைகளும் சிறுகதைகளும் எழுதினார். 1966-க்குப் பின் அடுத்த நாவல் வெளிவந்தது 1987-இல்தான். போரின் நினைவுகளை 'தேர் வாஸ் எ கன்ட்ரி' என்ற நூலாக 2012-இல் வெளியிட்டார். மறு ஆண்டே மறைந்தார்.

பசியை ஆயுதமாக்கியோர் என்று சிலரைப் பெயர் சொல்லி அவர் குற்றஞ்சாட்டியதால் கடும் விவாதம் எழுந்தது. அவர் ஒரு பக்கத்தில் நின்று கண்டவர். மறுபக்கத்தாரின் சாட்சியையும் நாம் கேட்கவேண்டும். ஆனால் இருவரையும் மௌனமாக்குவது சமாதானம் ஆகாது.

பிரியமானவர்களே, ஆபேலின் இரத்தத்தைக் குறித்து ஆண்டவர் காயீனிடம் கணக்குக் கேட்டார். எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூலும் நம் வேதாகமத்தில் இருக்கிறது. மன்னிப்பு, உண்மையைக் கேட்ட பின்னரே வேர்கொள்கிறது. உங்கள் சபையில் பல ஆண்டுகளாய் வாய்திறவாத ஒருவர் இருக்கக்கூடும். இவ்வாரம் அவர் அருகில் அமருங்கள்; அறிவுரை கூறாது செவிகொடுங்கள். அதற்கான பொறுமையைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.