பள்ளிக்கும் பணிக்கும் இடையே யார் பொறுப்பு? மாற்றுத்திறன் மாணவர் குறித்த ஒரு வரலாற்று ஆய்வு

மாற்றுத்திறன் மாணவருக்குக் கல்வி தருவதும் அரசுப் பணியில் இடம் ஒதுக்குவதும் இந்தியாவில் இன்று சட்டப்படியான கடமைகள். ஆனால் பதினாறு வயதிலிருந்து முதல் சம்பளம் வரையிலான ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. கல்வியும் வேலைவாய்ப்பும் வெவ்வேறு துறைகளின் கீழ்த் தனித்தனியே வளர்ந்ததே இதற்குக் காரணம். இந்த இடைக்காலப் பொறுப்பை வட்டார அளவில் பள்ளிக் கல்வித் துறையே ஏற்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் துறையூர் வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் இதன் தேவை தெளிவாகும்.

தொடக்கத்தில் இந்த இடைவெளி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், புளோரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கினர். அக்காலச் சிறப்புப் பள்ளிகளில் எழுத்தும் கைத்தொழிலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்பட்டன. நாற்காலி பின்னல், நெசவு, தையல் என ஏதேனும் ஒரு தொழிலோடு மாணவர் வெளியேறினர். பிற்காலத்திலும் இதே போக்கைக் காணலாம்: 1960களில் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு காட்பாடியில் தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்காகத் தொடங்கிய மறுவாழ்வு மையம், பின்னர் வொர்த் டிரஸ்ட் என்ற பெயரில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்கூடமாகவே வளர்ந்தது. மாற்றுத்திறனாளியின் கைவேலை பெருந்தொழிலின் தரத்துக்கு ஈடுகொடுக்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் சிறப்புப் பள்ளி முறையில் ஒரு பெருங்குறையும் இருந்தது. மாணவரின் நாட்டத்தைவிட அவருடைய குறைபாட்டின் வகையே தொழிலைத் தீர்மானித்தது. விடுதியில் இடம் கிடைத்த சிலருக்கே பயனும் கிட்டியது.

விடுதலைக்குப் பின் பாதை வேலைவாய்ப்பு, கல்வி என இரண்டாகப் பிரிந்தது. 1959இல் பம்பாயில் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகம் திறக்கப்பட்டது. 1977இல் மத்திய அரசின் சி, டி பிரிவுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிப்படுத்த, 2016ஆம் ஆண்டுச் சட்டம் 4 சதவீதமாக உயர்த்தி 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. இன்னொரு பக்கம், 1974இல் தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டமும், பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கமும் குழந்தையை ஊர்ப் பள்ளிக்கே கொண்டுவந்தன. பெற்றோரைப் பிரியாமல் மற்றக் குழந்தைகளோடு படிப்பது மறுக்க முடியாத பேறு. ஆனால் சிறப்புப் பள்ளியில் இருந்த தொழிற்கூடம் ஊர்ப் பள்ளிக்கு வரவில்லை.

துறையூரில் இதன் விளைவைக் காணலாம். பள்ளி வயதில் கல்வித் துறையின் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் குழந்தையைத் தேடிச் செல்கிறார். 2016ஆம் ஆண்டுச் சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமையோ 18 வயதோடு முடிகிறது. அதன் பின் நாட வேண்டிய மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், வேலைவாய்ப்பு அலுவலகம், திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ., காஜாமலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் நடத்தும் மாற்றுத்திறனாளிகள் மையம் அனைத்தும் ஏறத்தாழ 45 கிலோமீட்டருக்கு அப்பால், திருச்சியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ளன. அருகிலுள்ள பச்சைமலை ஊர்களிலிருந்து தொலைவு இன்னும் கூடும். குழந்தையைப் பத்தாண்டு அறிந்த பயிற்றுநரிடமிருந்து அங்கே ஒரு குறிப்பேனும் செல்ல வேண்டும் என்ற விதி இல்லை.

ஒதுக்கீடு இருக்கும்போது கல்வித் துறைக்கு இந்தப் பொறுப்பு எதற்கு என்று கேட்கலாம். ஒதுக்கீடு அரசுப் பணிக்கு மட்டுமே உரியது. அதையும் மொத்தப் பணியிடங்களின் அடிப்படையில் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்த 2013 வரை காத்திருக்க நேர்ந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தோர் 36 சதவீதம். பெண்களில் 23 சதவீதம் மட்டுமே. எல்லா இளைஞருக்கும் வேலை அரிதாக இருக்கையில் இவர்களுக்கு மட்டும் தனிக் கவனம் ஏன் என்பது அடுத்த மறுப்பு. மற்ற இளைஞர் உறவினர், நண்பர், பட்டறை முதலாளி வழியாக வேலைக்குள் நுழைகின்றனர். ‘உன்னால் முடியாது’ என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்கப்பட்டவருக்கு அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. அதைத் திறப்பது சலுகை ஆகாது. ஆசிரியர்களின் சுமை கூடும் என்ற கவலை நியாயமானது. ஆகவே இப்பணிக்குத் தனிப் பணியிடம் வேண்டும்.

அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் கல்விச் சட்டம், பதினாறு வயதுக்குள் ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவருக்கும் பள்ளிக்குப் பிந்தைய வாழ்வுக்கான திட்டம் எழுதப்பட வேண்டும் எனப் பள்ளிக்குக் கடமை விதித்தது. நம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தொழிற்பயிற்சியை வலியுறுத்துகிறது. ஆனால் அந்தக் கடமை அரசுக்குப் பொதுவாக உரியதே அன்றி, எந்தப் பள்ளிக்கும் குறிப்பாக உரியதாகச் சொல்லப்படவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவரின் விருப்பத்தைக் கேட்டு எழுதிய திட்டம், உள்ளூர் அரிசி ஆலை, கூட்டுறவுச் சங்கம், கைப்பேசி பழுதுபார்க்கும் கடை, இ-சேவை மையம் ஆகியவற்றில் பழகுநர் பயிற்சி, முதல் வேலையில் ஓராண்டு நிலைக்கும்வரை துணை நிற்கும் ஒரு வட்டார அலுவலர் ஆகிய மூன்றையும் தமிழக அரசு விதியாக்க வேண்டும். வட்டார வள மையங்கள் ஏற்கெனவே இயங்குவதால் இதைத் துறையூரிலிருந்தே தொடங்கலாம்.