ஊருக்குத் தண்ணி குடுத்த பக்கம், இப்போ பூ குடுக்குது

சேலத்துல இன்னைக்கு போன்ல ஆர்டர் போட்டா சாமிக்குப் பூ வாசலுக்கே வந்துடுது. அதுல அரளி இருந்தா, அது பனமரத்துப்பட்டிப் பக்கம் பூத்ததா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. சேலத்துக்குத் தெற்கே இருக்கிற அந்த ஊருக்கும் நம்ம நகரத்துக்கும் உள்ள உறவு பூவுல ஆரம்பிக்கல. தண்ணியில ஆரம்பிச்சுது.

சேலம் நகராட்சி ஆனது 1866-ல. ஊர் பெருசாகப் பெருசாக, குடிதண்ணி பெரிய கவலை ஆச்சு. அதுக்காகத்தான் 1911-ல பனமரத்துப்பட்டி ஏரி வந்தது. 1917-ல ராஜாஜி நகராட்சித் தலைவர் ஆனப்போ, சேலம் நம்பியிருந்தது இந்த ஏரியைத்தான். 1934-ல மேட்டூர் அணை கட்டி முடிஞ்சது. பின்னாடி காவிரித் தண்ணி குழாயில வந்ததும், நகரம் ஏரியை மெல்ல மறந்துடுச்சு. மழை குறைஞ்ச வருஷங்கள்ல ஏரிக்குள்ள சீமைக்கருவேலம் மண்டுச்சு. ஏரி மட்டும் இன்னமும் மாநகராட்சியோட சொத்துதான்.

இப்படித் தண்ணிக்கு ஏங்குற நிலத்துக்கு ஏத்த செடி அரளி. வறட்சியைத் தாங்கும். இலையில விஷம் இருக்கறதால ஆடு மாடு வாய் வைக்காது. நெடுஞ்சாலை நடுவுல வரிசையா நட்டிருக்காங்களே, அதுக்கும் இதான் காரணம். ஒரு தடவை நட்டா பல வருஷம் பூக்கும்.

ஆனா பறிக்கிற வேலை லேசு இல்லை. மொட்டு விரியறதுக்கு முன்னாடி பறிக்கணும். அதனால விடியறதுக்கு முன்னாடியே தலையில டார்ச் கட்டிக்கிட்டு வயல்ல இறங்கறாங்க. அந்த மொட்டு மூட்டையில சேலம் வ.உ.சி. மார்க்கெட்டுக்கு வந்து, கிலோ கணக்குல வித்து, பஸ் ஏறி வெளியூர் போகுது. நாமக்கல் பக்கம் பரமத்தி வேலூர்ல இதே வியாபாரம் ஏலமா நடக்குது.

அரளியை யாரும் தலையில வைக்கறதில்லை. மல்லிக்கு சாமியும் உண்டு, கூந்தலும் உண்டு. அரளிக்கு சாமி மட்டும்தான். ஆடி மாசம் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டுதல் நடந்து, செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டைன்னு ஊரே திருவிழாவுல இருக்கும்போது விலை ஏறும். திருவிழா முடிஞ்சா இறங்கும். 2020-ல கொரோனாவுக்காகக் கோவில் கதவை மூடினப்போ என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. செடிக்கு ஊரடங்கு தெரியாதே! அது பூத்துக்கிட்டேதான் இருந்தது. பறிச்சா கூலி நஷ்டம், பறிக்காம விட்டா செடி கெடும்.

1994-ல சேலம் மாநகராட்சி ஆச்சு. இப்போ ஆப்ல பூ வருது. ஆனா நகரம் கேக்கும், பக்கத்து ஊர் குடுக்கும்ங்கற கணக்கு 1911-ல இருந்து மாறவே இல்லை. டெலிவரி சார்ஜ் எவ்வளவுன்னு பாக்குற நாம, விடியக்காலையில அதைப் பறிச்ச கைக்கு எவ்வளவு போச்சுன்னும் ஒரு தடவை கேக்கலாம்.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.